மயக்க மருந்தும் இரத்த அழுத்தமும்

தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டரின் துணையால் சுவாசித்துக்கொண்டிருக்கும் நோயாளியின் கட்டிலருகே சற்று நேரம் நிற்பவர், அங்கே ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தப்பட்டிருக்கும் சிரிஞ்ச் பம்புகளுள் ஒன்று அவரை உறங்கவைக்கும் மருந்தையும், அதற்கு அடுத்தது அவருடைய இரத்த அழுத்தத்தை உயர்த்தும் நார்அட்ரினலினையும் ஒரே காலத்தில் ஓயாமல் செலுத்திக்கொண்டிருப்பதைக் காணலாம். முதல் பம்பின் வேகத்தைக் கூட்டினால் சிறிது நேரத்தில் இரண்டாவதன் வேகத்தையும் கூட்ட நேர்வதும், முதலாவதைக் குறைத்தால் இரண்டாவதையும் குறைக்க முடிவதும் அந்தப் பிரிவின் நர்ஸுகளுக்கு நித்திய அனுபவம். ஒரு மருந்து தாழ்த்துவதை மற்றொரு மருந்தால் தூக்கி நிறுத்துகிற இந்த ஏற்பாடு, மேலோட்டமாகப் பார்ப்பவர்களுக்கு முரண்பாடாகத் தோன்றுவதில் வியப்பில்லை. மயக்க மருந்து ஏன் அழுத்தத்தைக் குறைக்கிறது, எல்லா மருந்துகளும் ஒரே விதமாகக் குறைக்கின்றனவா, குறைக்காத மருந்தே சிறந்த மருந்து என்று கொள்ளலாமா என்னும் மூன்று வினாக்களுக்கும் மருத்துவ உலகம் சென்ற எண்பது ஆண்டுகளில், சில சமயம் மிகுந்த உயிர்ச்சேதத்தின் பேரில், கண்டறிந்த விடைகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இருதயம் நிமிடந்தோறும் வெளியேற்றும் இரத்தத்தின் அளவு ஒன்று, அந்த இரத்தத்தை ஏற்கும் சிறு தமனிகள் காட்டும் எதிர்ப்பு மற்றொன்று. இவ்விரண்டின் பெருக்கற்பலனே இரத்த அழுத்தமாகத் தோன்றுகிறது. இருதயம் வெளியேற்றும் அளவோ, அதனிடம் திரும்பி வரும் அளவைப் பொறுத்தது. உடலிலுள்ள இரத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு எந்த நேரத்திலும் சிரைகளிலேயே தங்கியிருப்பதால், அந்தச் சிரைகள் சற்றுத் தளர்ந்தாலும் இருதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைந்துவிடும். தமனி, சிரை, இருதயம் ஆகிய மூன்றையும் ஒருங்கே முறுக்கேற்றி வைத்திருப்பது பரிவு நரம்பு மண்டலம். வலி, அச்சம், மூச்சுத்திணறல், இரத்தப்போக்கு, கிருமித்தொற்று ஆகிய ஒவ்வொன்றும் அதைத் தூண்டுகின்றன. ஆகவே கடுமையாக நோயுற்றவர்களிடம் அந்த மண்டலம் தன் முழுச் சக்தியையும் செலவிட்டுக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட ஒருவருடைய அழுத்தம் 120 என்று கருவி காட்டினால், அது ஆரோக்கியசாலியின் 120 ஆகாது. விழவேண்டிய சுவர் முட்டுக்கட்டைகளின் பலத்தால் நிமிர்ந்து நிற்பதைப் போன்றது அது. நோயாளியின் அச்சத்தையும் வேதனையையும் போக்குகிற அதே செயலால், மயக்க மருந்து அந்த முட்டுகளை எடுத்துவிடுகிறது.

இதனுடன் வென்டிலேட்டரின் பங்கும் சேர்கிறது. இயற்கையாக மூச்சை இழுக்கும்போது மார்புக்குள் அழுத்தம் தாழ்ந்து, சிரை இரத்தம் இருதயத்தை நோக்கி எளிதில் பாயும். கருவி காற்றை உள்ளே தள்ளும்போதோ மார்புக்குள் அழுத்தம் உயர்ந்து, அந்தப் பாய்ச்சல் தடைப்படும். மயக்கமும் செயற்கைச் சுவாசமும் ஒருசேரத் தொடங்கும் வேளை மிகவும் அபாயகரமானதாக இருப்பதன் காரணம் இதுவே. கடுமையாக நோயுற்ற 2,964 பேருக்கு மூச்சுக்குழாயில் குழாய் செருகப்பட்ட கட்டத்தை 29 நாடுகளில் கவனித்து 2021-இல் வெளியான ஆய்வு ஒன்று, அவர்களுள் நூற்றுக்கு ஏறக்குறைய 43 பேர் இரத்த ஓட்டச் சீர்குலைவுக்கு உள்ளானதாகவும், நூற்றுக்கு மூவருக்கு இருதயமே நின்றுபோனதாகவும் கண்டது.

மனச் சாந்திக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உள்ள இந்த நெருங்கிய சம்பந்தத்தை நம் நாட்டு மூலிகை ஒன்று முன்னரே உணர்த்தியிருக்கிறது. உன்மத்தம் கொண்டவர்களை அடக்குவதற்கு நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கையாண்டுவந்த சர்ப்பகந்தா வேர், சித்தப்பிரமையைத் தணிப்பதோடு இரத்த அழுத்தத்தையும் தாழ்த்துகிறது என்று கணநாத சேனும் கார்த்திக் சந்திர போஸும் 1931-இல் எழுதினார்கள். அழுத்தத்தைக் குறைக்கும் அதன் ஆற்றலை 1949-இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் பிரிட்டிஷ் இருதய மருத்துவ இதழின் வாயிலாக மேல்நாட்டாருக்கு அறிவித்தார். அந்த வேரின் சத்தாகிய ரிசர்பின் 1952-இல் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் பிரித்தெடுக்கப்பட்டது. நரம்பு முனைகளில் சேமித்து வைக்கப்பட்டிருக்கும் நார்அட்ரினலினை அது வற்றச்செய்கிறது என்பது பின்னர் தெளிவாயிற்று. கொந்தளிக்கும் மனத்தையும் முறுக்கேறிய குழாய்களையும் ஒரே பொருள் தளர்த்த முடிந்தது தற்செயலன்று. விழிப்பும் அழுத்தமும் பெருமளவு ஒரே இரசாயனத்தின் ஆட்சிக்கு உட்பட்டவை.

அந்த ஆட்சி திடீரென்று குலைந்தால் என்ன நேரும் என்பதற்கு, 1941 டிசம்பர் 7 அன்று பேர்ல் ஹார்பரில் நடந்த குண்டுவீச்சு மயக்க மருத்துவ நூல்களில் நெடுங்காலம் உதாரணமாகக் காட்டப்பட்டு வந்தது. சிரைவழியாகச் செலுத்தும் தயோபென்டோன் என்ற மருந்து மனிதருக்கு முதன்முதலாக 1934-இல்தான் பயன்படுத்தப்பட்டது; பேர்ல் ஹார்பரில் காயமுற்றவர்களுக்கும் அது கொடுக்கப்பட்டது. அது ஆரோக்கியமானவர்களுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவையே, இரத்தம் இழந்து வெளிறிக் கிடந்த காயக்காரர்களுக்கும் கொடுத்தால் ஆபத்து உறுதி. போர்க்களத்தில் சிரைவழி மயக்கம் கருணைக்கொலைக்கே உகந்தது என்ற பொருள்பட ஹால்ஃபோர்ட் என்ற அறுவை மருத்துவர் 1943-இல் கடுமையாக எழுதினார். அந்த மருந்தினால் அன்று போரில் இறந்ததைவிட அதிகம் பேர் இறந்தனர் என்பது போன்ற கதைகள் பிறகு பரவின. 1995-இல் பழைய ஆவணங்களை ஆராய்ந்தவர்கள், அக்கதை மிகைப்படுத்தப்பட்டது என்றும், மரணங்கள் சொல்லப்பட்ட அளவுக்கு இல்லை என்றும் நிறுவினார்கள். ஹால்ஃபோர்டின் கட்டுரை வெளிவந்த அதே இதழின் அடுத்த பக்கங்களில், துப்பாக்கிக் குண்டால் மிகுந்த இரத்தம் இழந்த ஒருவருக்கு இதே மருந்தைப் பக்குவமாகக் கொடுத்த வரலாற்றை ஆடம்ஸும் கிரேயும் பதிவு செய்திருந்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. மருந்து ஒன்றே, கொடுத்த அளவும், கொடுக்கப்பட்டவரின் நிலையுமே வேறு. தீவிர சிகிச்சை என்ற துறை பிறப்பதற்கு முன்பே அதற்குரிய முதற் பாடம் இவ்விதம் எழுதப்பட்டுவிட்டது.

அத்துறை பிறந்தது 1952-இல், கோபன்ஹேகனில். அங்கே பரவிய இளம்பிள்ளை வாதத்தால் சுவாசத் தசைகள் செயலிழந்து பிளெக்டாம் மருத்துவமனையில் முதல் சில வாரங்களில் சிகிச்சை பெற்ற 31 பேரில் 27 பேர் மாண்டனர். மயக்க மருத்துவர் பியோர்ன் இப்சென் அழைக்கப்பட்டார். மூச்சுத் திணறிக்கொண்டிருந்த 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்திய பின்னும், அவள் திமிறிக்கொண்டிருந்த காரணத்தால் பையை அழுத்திக் காற்றை உட்செலுத்த இயலவில்லை, இப்சென் தயோபென்டோன் கொடுத்தார், திமிறலும், அவளுடைய சொந்த மூச்சும் நின்றன, நுரையீரலுக்குள் காற்று தாராளமாகச் சென்றது, அவள் பிழைத்தாள். அதன்பின் ஏறக்குறைய 1,500 மாணவர்கள் முறைவைத்துக் கைகளால் பையை அழுத்தி நோயாளிகளைக் காத்தது மருத்துவ வரலாற்றில் பிரசித்தமானது. தீவிர சிகிச்சையின் முதல் மணி நேரத்திலேயே மயக்க மருந்து இடம்பெற்றுவிட்டது என்பதும், அது அங்கே நோயாளியின் சௌகரியத்துக்காக மட்டுமின்றி உயிர் காக்கும் கருவியாகவே நுழைந்தது என்பதும் இந்தச் சம்பவத்தால் விளங்கும். ஆகையால் அழுத்தம் விழுகிறதென்று மயக்க மருந்தையே விலக்கிவிடலாம் என்பது தீர்வாகாது.

இன்று தீவிர சிகிச்சையில் மிகப் பரவலாகப் பயன்படும் மருந்து புரோபோஃபால். இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. கம்பெனியில் ஜான் கிளென் தலைமையில் 1970-களில் உருவான இந்த மருந்து, நீரில் கரையாத குணத்தால் முதலில் இடர்ப்பட்டு, பிறகு சோயா எண்ணெயும் முட்டைக் கருவின் லெசித்தினும் சேர்ந்த பால் போன்ற குழம்பாக 1986-இல் விற்பனைக்கு வந்தது. செலுத்திய சில நிமிடங்களில் உறக்கமும், நிறுத்திய சிறிது நேரத்தில் விழிப்பும் தருவதே அதன் பெருஞ்சிறப்பு. ஆனால் அழுத்தத்தைத் தாழ்த்துவதில் அது ஏனையவற்றை விஞ்சி நிற்கிறது. அறுவைச் சிகிச்சைக்கு மயக்கம் தரும் முழு அளவாகிய உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 2 முதல் 2.5 மில்லிகிராம் வரை ஒரேயடியாகச் செலுத்தினால், மேல் அழுத்தம் நூற்றுக்கு 25 முதல் 40 வரை குறையக்கூடும். பரிவு நரம்புகளின் துடிப்பை அது அடக்குகிறது. சிரைகளையும் தமனிகளையும் தளர்த்துகிறது. இருதயத் தசையின் சுருக்கத்தையும் ஓரளவு மந்தமாக்குகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அழுத்தம் விழும்போது நாடியை விரைவுபடுத்தி அதை ஈடுசெய்ய வேண்டிய இயற்கையான எதிர்வினையையும் அது மழுங்கடித்துவிடுகிறது. அதனால் அழுத்தம் விழுந்தும் நாடி ஏறாமல் நிற்கும் விசித்திரமான தோற்றத்தை மருத்துவர் காண நேர்கிறது. தீவிர சிகிச்சையில் ஒரு கிலோவுக்கு மணிக்கு 0.3 முதல் 3 மில்லிகிராம் வரை மெதுவாகச் செலுத்தும்போது இந்த விளைவுகள் அடங்கியே இருக்கும். எனினும் இரத்தம் வற்றியவர், முதியவர், இருதயம் பலவீனமானவர், கிருமித்தொற்றின் விஷத்தால் குழாய்கள் ஏற்கனவே தளர்ந்தவர் ஆகியோரிடத்தில் இந்தச் சிறிய அளவும் பெரிய விளைவைத் தரும்.

தொடக்கத்தில் கூறிய இரண்டு பம்புகளின் உறவு ஒருதிசையாக மட்டும் இயங்குவதில்லை என்பது இங்கே கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம். ஆஸ்திரேலியாவில் மைபர்க் என்பவரும் அவருடைய சகாக்களும் செம்மறியாடுகளிடம் செய்து 2001-இல் வெளியிட்ட பரிசோதனைகளில், தொடர்ந்து புரோபோஃபால் செலுத்தப்படும் விலங்குக்கு அட்ரினலின், நார்அட்ரினலின், டோபமின் ஆகியவற்றுள் ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தபோது, இருதயம் அதிக இரத்தத்தை வெளியேற்றியதன் விளைவாக இரத்தத்தில் புரோபோஃபாலின் செறிவு குறைந்து மயக்கமும் இலேசானது. மயக்கம் இலேசானால் மருந்தைக் கூட்டுவார்கள். கூட்டினால் அழுத்தம் விழும். விழுந்தால் நார்அட்ரினலினைக் கூட்டுவார்கள். மறுபடியும் மயக்கம் இலேசாகும். கண்ணுக்குத் தெரியாமல் சுழலும் இச்சக்கரத்தின் மறுகோடியில் இன்னொரு அபாயமும் இருக்கிறது. ஒரு கிலோவுக்கு மணிக்கு 4 மில்லிகிராமுக்கு மேற்பட்ட அளவை இரண்டு நாட்களுக்கு மேல் செலுத்தினால், இரத்தத்தில் அமிலத்தன்மை ஏறி, தசைகள் சிதைந்து, மருந்துக்குக் கட்டுப்படாத மந்த நாடியுடன் இருதயம் தளர்ந்துபோகும் அரிய நோய் சிலரைத் தாக்குகிறது. 1992-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஐந்து குழந்தைகளின் மரணத்தை வெளியிட்ட பிறகே உலகம் இதை உணரத் தொடங்கியது. அழுத்தம் விழுந்துகொண்டே போகும்போது, அது வழக்கமான தளர்ச்சியா, இந்தக் கொடிய நோயின் முதல் அறிகுறியா என்று சிந்திக்க வேண்டிய கடமை அன்றுமுதல் மருத்துவருக்கு உண்டாயிற்று.

மற்றொரு மயக்க மருந்தாகிய மிடாஸோலாம் அழுத்தத்தின் விஷயத்தில் புரோபோஃபாலைவிடச் சாதுவானது. ஆனால் வலியைப் போக்கும் மார்ஃபின், ஃபென்டனில் ஆகியவற்றோடு சேரும்போது அந்தச் சாதுத்தன்மை பெருமளவு மறைந்துவிடும். மார்ஃபின் ஹிஸ்டமினை வெளிப்படுத்திக் குழாய்களைத் தளர்த்தும். ஃபென்டனில் வேகஸ் நரம்பின் வழியே நாடியை மந்தமாக்கும். மிடாஸோலாமுக்குரிய பெரிய குறை வேறு. நாட்கணக்கில் செலுத்தினால் அது உடலில் தேங்குகிறது. சிறுநீரகம் பழுதானவர்களிடம் அதன் சிதைவுப் பொருளே செயற்படும் மருந்தாகத் தங்கி, பம்பை நிறுத்திய பின்னும் நோயாளி பல நாட்கள் விழிக்காமல் கிடப்பதற்கு இடமுண்டு. அழுத்தத்தைக் காத்துக்கொண்டு விழிப்பைத் தாமதப்படுத்தும் மருந்து அது.

அடுத்து வருவது டெக்ஸ்மெடிடோமிடின். இதன் வம்ச வரலாறு சுவையானது. மூக்கடைப்பைப் போக்குவதற்காக ஜெர்மனியில் ஆராயப்பட்ட குளோனிடினை 1962-இல் ஒரு மருத்துவர் தம் அலுவலக உதவியாளரின் மூக்கில் விட்டபோது, அந்த அம்மையார் ஏறக்குறைய ஒரு முழு நாள் உறங்கிவிட்டார். அவருடைய அழுத்தமும் நாடியும் தாழ்ந்திருந்தன. மூக்குச் சொட்டு மருந்தாகப் பிறந்தது இரத்த அழுத்த மருந்தாயிற்று. அதன் குலத்தைச் சேர்ந்த டெக்ஸ்மெடிடோமிடின் 1999-இல் அமெரிக்காவில் தீவிர சிகிச்சைக்கென்று அங்கீகரிக்கப்பட்டது. மூளைத்தண்டிலுள்ள லோகஸ் செருலியஸ் என்ற பகுதியை அடக்கி, தட்டினால் விழிக்கக்கூடிய இயல்பான உறக்கத்தை அது தருகிறது; மூச்சை அடக்குவதில்லை. அழுத்தத்தின்மேல் அதன் செயலோ இரண்டு கட்டங்களாக நிகழ்கிறது. வேகமாகச் செலுத்தினால் முதலில் இரத்தக் குழாய்களை நேராகத் தாக்கிச் சுருக்கி அழுத்தத்தைச் சிறிது நேரம் உயர்த்தும். பிறகு மூளையின் வழியே பரிவு நரம்புகளை அடக்கி அழுத்தத்தையும் நாடியையும் ஒருங்கே தாழ்த்தும். ஐரோப்பாவில் நடந்து 2012-இல் வெளியான ஒப்பாய்வில், மிடாஸோலாம் பெற்றவர்களுள் நூற்றுக்கு சுமார் 12 பேருக்கும், டெக்ஸ்மெடிடோமிடின் பெற்றவர்களுள் நூற்றுக்கு சுமார் 21 பேருக்கும் அழுத்தம் தாழ்ந்தது. இவ்வளவு இருந்தும், புரோபோஃபாலிலிருந்து இந்த மருந்துக்கு மாற்றியதும் கிருமித்தொற்று அதிர்ச்சியில், அதாவது தொற்றால் அழுத்தம் சரிந்த நிலையில், இருந்தவர்களின் நார்அட்ரினலின் தேவை குறைந்ததாக ஒரு சிறிய ஆய்வு காட்டியிருப்பது, இவ்விஷயத்தில் எளிய சூத்திரம் எதுவும் செல்லாது என்பதற்குச் சான்று.

அழுத்தத்தைத் தாழ்த்தாத மருந்துகளும் உண்டு. கெட்டமின் பரிவு நரம்புகளைத் தூண்டி அழுத்தத்தை உயர்த்துகிறது. ஆயினும் நாட்கணக்கில் நோயுடன் போராடித் தன் சேமிப்பையெல்லாம் செலவிட்டுவிட்ட உடலில் தூண்டுவதற்கு எதுவும் எஞ்சியிராமல், இருதயத் தசையை மந்தமாக்கும் அதன் நேரடிச் செயல் மட்டுமே வெளிப்படுதல் கூடும். மற்றொன்றாகிய எட்டோமிடேட்டின் கதைதான் இந்த ஆராய்ச்சி முழுவதற்கும் மையமானது. அழுத்தத்தையும் நாடியையும் ஏறக்குறைய அசைக்காமல் உறக்கம் தரும் மருந்தென்று புகழப்பெற்ற அதனை, காயமுற்று வென்டிலேட்டரில் இருந்தவர்களுக்கு கிளாஸ்கோ நகரில் தொடர்ந்து செலுத்தி வந்தார்கள். தம் பிரிவில் மரணங்கள் காரணம் புலப்படாமல் பெருகியதைக் கண்ட லெடிங்காமும் வாட்டும் பழைய கணக்குகளைப் புரட்டி, 1983-இல் லான்செட் இதழில் ஒரு கடிதம் எழுதினார்கள். வேறு மயக்க மருந்துகள் பெற்றவர்களுள் நூற்றுக்கு 28 பேர் இறந்திருக்க, எட்டோமிடேட் பெற்றவர்களுள் நூற்றுக்கு 77 பேர் இறந்திருந்தார்கள். அட்ரினல் சுரப்பியில் கார்ட்டிசால் உற்பத்தியாவதற்கு இன்றியமையாத நொதி ஒன்றை அம்மருந்து முடக்கிவிடுகிறது என்பது விரைவில் நிரூபணமாயிற்று. கடும் நோயைத் தாங்குவதற்கு உடலுக்குக் கார்ட்டிசால் தேவை. அது வறண்டதால் நோயாளிகள் தொற்றுக்கும் அதிர்ச்சிக்கும் பலியானார்கள். அழுத்தமானி காட்டிய எண்ணோ தொடக்கத்தில் எந்தக் குறையும் சொல்லவில்லை. எட்டோமிடேட்டைத் தொடர்ந்து செலுத்தும் வழக்கம் அத்துடன் கைவிடப்பட்டது.

எண்ணைக் காப்பதும் உயிரைக் காப்பதும் ஒன்றல்ல என்று கிளாஸ்கோ கற்பித்த பாடத்தின் மறுபக்கத்தை அண்மைக்கால ஆய்வுகள் காட்டுகின்றன. எட்டு நாடுகளில் ஏறக்குறைய 4,000 பேரிடம் நடந்து 2019-இல் வெளியான பெரிய ஆய்வில், டெக்ஸ்மெடிடோமிடின் பெற்றவர்களுக்கு அழுத்த வீழ்ச்சியும் மந்த நாடியும் அதிகமாக நேர்ந்தன; ஆனால் 90 நாட்களில் இறந்தவர்கள் அந்தப் பிரிவிலும் வழக்கமான மருந்துகளைப் பெற்ற பிரிவிலும் நூற்றுக்கு 29.1 என்று ஒரே அளவாகவே இருந்தனர். கவனித்துச் சரிசெய்யப்பட்ட வீழ்ச்சி, மரணத்தின் கணக்கில் அங்கே வேற்றுமை உண்டாக்கவில்லை. எவ்வளவு அழுத்தம் போதும் என்ற வினாவிலும் இத்தகைய நிதானமே தேவைப்படுகிறது. சராசரி அழுத்தம் 65 மில்லிமீட்டர் பாதரசம் இருந்தால் பெரும்பாலோருக்குப் போதும் என்பது பொது விதி. கிருமித்தொற்று அதிர்ச்சியுற்ற 776 பேரிடம் பிரான்சில் நடந்து 2014-இல் வெளியான ஆய்வு, அதை 80-க்கு மேல் உயர்த்தி வைத்ததால் மரணம் குறையவில்லை என்று கண்டது. நெடுநாளாக இரத்தக் கொதிப்பு உடையவர்களுக்கு மட்டும் உயர்ந்த அழுத்தத்தால் டயாலிசிஸின் தேவை குறைந்தது. ஆகவே எந்த எண்ணில் கவலைப்பட வேண்டும் என்பதும் நோயாளியின் பூர்வ சரித்திரத்தைப் பொறுத்ததே.

இவற்றையெல்லாம் தொகுத்துப் பார்த்தால், மருந்தின் பெயரைவிட மயக்கத்தின் ஆழமே முக்கியம் என்ற முடிவுக்கு வர நேர்கிறது. சிகாகோவில் 128 பேரிடம் நடந்து 2000-இல் வெளியான ஆய்வு, தினம் ஒருமுறை மயக்க மருந்தை நிறுத்தி நோயாளியை விழிக்கவிட்டதால் மட்டுமே வென்டிலேட்டரில் இருந்த காலம் 7.3 நாட்களிலிருந்து 4.9 நாட்களாகக் குறைந்ததாகக் காட்டியது. அதற்காக மயக்கமே வேண்டாமென்று துணிவதும் தகாது. வடஐரோப்பிய நாடுகளில் 700 பேரிடம் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், மயக்கமின்றி வைக்கப்பட்டவர்கள் இலேசான மயக்கம் பெற்றவர்களைவிட அதிகமாகப் பிழைக்கவில்லை. முதலில் வலியைத் தீர்த்து, பிறகு கூப்பிட்டால் கண்விழிக்கும் அளவுக்கு மட்டும் மயக்கம் தருவது என்னும் நடுவழியே இன்று பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கிறது. மூளையில் வீக்கம் உடையவர்கள், ஓயாத வலிப்பு உடையவர்கள், நுரையீரல் மிகவும் சிதைந்தவர்கள் ஆகியோருக்கு ஆழ்ந்த மயக்கம் அவசியமாகலாம். ஆனால் அது காரணத்தோடு விதிக்கப்பட வேண்டுமேயன்றி, வழக்கத்தினால் தொடர்ந்துவிடக் கூடாது.

மயக்க மருந்து செலுத்தும்போது இரத்த அழுத்தம் விழுந்தால், அதை மருந்தின் தீமையாக மட்டும் கொண்டு இரண்டாவது பம்பின் வேகத்தைக் கூட்டிவிட்டு அப்பால் போவது பாதி மருத்துவமே. இரத்தம் வற்றியிருக்கிறதா, இருதயம் தளர்ந்திருக்கிறதா, புதிய தொற்று ஏதேனும் தலையெடுத்திருக்கிறதா, வென்டிலேட்டரின் அழுத்தம் மிகுதியா என்று அந்த வீழ்ச்சி எழுப்பும் வினாக்களுக்கு விடை தேட வேண்டும். எந்த மருந்துக்கு மாற்றலாம் என்ற ஆலோசனைக்கு முன்பாக, இந்த நோயாளி இன்று இவ்வளவு ஆழமாக உறங்கத்தான் வேண்டுமா என்ற கேள்வி ஒவ்வொரு காலையும் கட்டிலருகே கேட்கப்பட வேண்டும். நோயாளியின் உறவினர்களும் அதே கேள்வியை மருத்துவரிடம் மரியாதையோடு கேட்கலாம். அதற்குத் தெளிவான பதில் பெறுவது அவர்களுடைய உரிமை.